அந்தப் புகைப்படத்தில் அவர் விருது வாங்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஹாலிவுட் நடிகை கேத்தரின் ஹெப்பர்ன் பற்றிய கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஆனால் பேன்ட்டும் கோட்டுமாக அவர் ஆஸ்கர் மேடையில் நிற்கும் படத்துக்குக் கீழே ‘விருது பெறும் ஹெப்பர்ன்’ என்று போட்டுவிட்டீர்களே! 1933, 1967, 1968, 1981 ஆகிய ஆண்டுகளில் வந்த படங்களுக்காக நான்கு முறை சிறந்த நடிகை விருது கிடைத்தும், ஒரு தடவைகூட அவர் வாங்கப் போனதில்லை. அந்த விழா மேடையில் அவர் ஏறியது 1974-இல்தான். அதுவும் தயாரிப்பாளர் லாரன்ஸ் வைன்கார்ட்டனுக்கு விருது கொடுக்க.

சரி, அது சின்னப் பிழை. நடுவில் பட்ட அடியை ‘சில தோல்விகள்’ என்று கட்டுரை தாண்டிப் போனதில்தான் எனக்கு வருத்தம். 1938-இல் தியேட்டர் உரிமையாளர்கள் சங்கம் ஒன்று, இவர்களை வைத்துப் படம் எடுத்தால் கல்லா நிரம்பாது என்று விளம்பரமே கொடுத்தது. கிரெட்டா கார்போ, ஜோன் கிராஃபோர்டு பெயர்களோடு ஹெப்பர்ன் பெயரும் அதில் இருந்தது. அவரோ கைக்காசைக் கொடுத்து ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டு, நாடகத்துக்குப் போனார். நாடக ஆசிரியர் பிலிப் பாரி அவரை மனத்தில் வைத்தே எழுதிய ‘தி பிலடெல்ஃபியா ஸ்டோரி’ 1939-இல் பிராட்வேயில் சக்கைப்போடு போட்டது. அதைப் படமாக்கும் உரிமை முன்னாலேயே அவர் கையில்! கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். கதை வேண்டுமா, கதாநாயகி நான்தான், இயக்குநரையும் நானே சொல்வேன் என்பது எம்.ஜி.எம். ஸ்டுடியோவுக்கு அவர் போட்ட நிபந்தனை. ஜார்ஜ் குக்கர் இயக்கினார். 1940-இல் படம் வசூலை அள்ளியது. ஆஸ்கர் என்னவோ உடன் நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்குத்தான்.

தொண்ணூறுகளில் கார்ட்டூன் நெட்வொர்க் இரவானால் டி.என்.டி.யாக மாறிப் பழைய ஹாலிவுட் படங்கள் போடும். இதையும் அதில்தான் பார்த்தேன். முதல் காட்சியில், வீட்டைவிட்டுக் கிளம்பும் கணவனாக வரும் கேரி கிராண்டின் கோல்ஃப் மட்டையை முழங்காலில் வைத்து முறித்துப் போடுகிறார் ஹெப்பர்ன். அவன் திரும்பி வந்து, முகத்தில் கை வைத்து ஒரே தள்ளு. மல்லாந்து விழுகிறார். ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாத என் அப்பா, “நல்லா வேணும்” என்று சிரித்தார். ஹெப்பர்னைத் தலைக்கனம் பிடித்தவர் என்று சொல்லிக்கொண்டிருந்த அமெரிக்க ரசிகர்களும் 1940-இல் இப்படித்தான் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு வரும் என்று கணக்குப் போட்டே அவர் உரிமையைக் கைவிடாமல் வைத்திருந்தார் என்பது என் எண்ணம்.

அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்திவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை