பட்டுக்கூடு உற்பத்தியாளர் சங்கம், பாலக்கோடு: 2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. இளம்புழு வளர்ப்புப் பயிற்சி ஒரு நாள் நடைபெற்றது. கூடத்தின் கூரை ஓடுகள் மாற்றப்பட்டன.

விரிவாகச் சொல்ல வேண்டியது, கச்சாப் பட்டு இறக்குமதி வரி குறித்த மனுவைப் பற்றியாகும். சீனப் பட்டு மலிவாக வந்திறங்கினால் தருமபுரி அங்காடியில் நூற்பாளர் நம் கூட்டுக்குக் கேட்கும் விலையும் இறங்கும் என்பதால், வரியைக் குறைக்கக் கூடாது என்று ஒரு பக்க மனு அனுப்ப ஜூலையில் ஒருமனதாக முடிவு செய்தோம். அந்த ஒருமனது அன்றோடு சரி. பெறுநர் பெயரை 'ஒன்றிய நிதியமைச்சர்' என்று எழுதுவதா, 'மத்திய நிதியமைச்சர்' என்று எழுதுவதா என்பதிலேயே அடுத்த கூட்டத்தின் முக்கால் மணி நேரம் போயிற்று. இறுதியில் 'நிதியமைச்சர், புதுடெல்லி' என்று எழுதி முடித்தேன்.

இதற்கிடையில் அமெரிக்கா ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருள்கள் மீது 25 விழுக்காடும், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி 27 முதல் மேலும் 25 விழுக்காடும் வரி விதித்தது. ஒரு தரப்பினர் அரசின் வெளியுறவுக் கொள்கையைக் கண்டித்து மனுவில் ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும் என்றனர். மறு தரப்பினர், 2011 வரவு செலவுத் திட்டத்தில் கச்சாப் பட்டு வரியை 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக வெட்டியவர்கள் யார் என்பதையும் சேர்த்தால்தான் கையெழுத்திடுவோம் என்றனர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஆகவே இரு தரப்பினரும் கையெழுத்திடவில்லை.

அவரவர் நினைவில் இருப்பதை விட்டு ஏட்டில் இருப்பதைப் பார்க்கட்டும் என்றுதான் கூடத்தில் வரி விவரப் பலகை வைத்தேன். 2011இல் வெட்டியது காங்கிரஸ் கூட்டணி ஆட்சியின் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி. 2013இல் அதே கூட்டணி ஆட்சியில் 5ஐ 15 ஆக்கியது ப. சிதம்பரம், இடையில் 10 ஆகக் குறைந்திருந்ததை 2021இல் மீண்டும் 15 ஆக்கியது நிர்மலா சீதாராமன். சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தேன். ஒரு வாரத்தில் 2013ஆம் ஆண்டுக் குறிப்பு அழிந்திருந்தது. திரும்ப எழுதினால் 2021 அழிந்தது. துண்டால் துடைத்த தடம் பலகையில் அப்படியே இருந்தது. அதன் பிறகே எனாமல் பெயின்டில் எழுதுவித்தேன். அந்தச் செலவுச் சீட்டைப் பொருளாளர் இன்னும் ஏற்கவில்லை.

என் கருத்தையும் பதிவு செய்கிறேன். வரி உயர்ந்தால் கூடு விற்கும் நமக்கு நல்லது. நூல் வாங்கும் காஞ்சிபுரம் நெசவாளருக்குச் செலவு. உண்மையான வழக்கு அங்கேதான் இருக்கிறது, அதை ஒரு கூட்டத்திலும் யாரும் எடுக்கவில்லை. 2019 நவம்பரில் சீனா உள்ள ஆர்செப் என்னும் ஆசிய-பசிபிக் வணிக ஒப்பந்தத்தில் சேராமல் இந்தியா விலகியபோது, ஆளுங்கட்சியும் காங்கிரசும் அதைத் தம் வெற்றியாகவே சொல்லிக்கொண்டன. அதே செய்தியை நம் கூடத்தில் இரு தரப்பினரும் தனித்தனியே கைதட்டி வரவேற்றனர்.

கணக்கு வழக்கம்போல் தணிக்கையாளரிடம் உள்ளது. வரவும் செலவும் ஏறத்தாழச் சமம் என்று பொருளாளர் தெரிவிக்கிறார். 74 உறுப்பினர்களில் 31 பேர் சந்தா செலுத்தவில்லை. அமெரிக்காவின் ஐம்பது விழுக்காடு வரி அநியாயம் என்று மேசையைத் தட்டிப் பேசியவர்களில் நால்வர் அந்த 31 பேருக்குள் இருக்கிறார்கள். ஐப்பசி மழையில் பால்புழு நோய் வந்து ஒரு வளர்ப்பு முழுவதையும் இழந்த உறுப்பினரோ, மறு வாரமே தம் சந்தாவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பட்டு வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும், அங்காடிப் பணியாளர்களுக்கும், கூட்டங்களுக்குத் தேநீர் வழங்கியவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை வேறொருவர் ஏற்பதில் எனக்கு வருத்தமில்லை. முன்வருபவர் இதுவரை யாருமில்லை. மனு இன்னும் அனுப்பப்படவில்லை. கண்டன வாக்கியம் எதுவும் இல்லாத பிரதி மேசையில் இருக்கிறது, பேனாவும் அருகில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகத்தையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

இவண்,
செயலாளர்