வயலுக்குப் போகாத குளங்கள்

கூர், சுவிற்சர்லாந்து
செப்டம்பர் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் சுகமாக இருக்க இரணைமடுக் குளத்துக் கனகாம்பிகை அம்மனை வேண்டுகிறேன். போன கிழமை மலைக்குளம் பார்க்கப் போனேன் என்று தொலைபேசியில் சொன்னதும், "அந்தத் தண்ணி ஆருடைய வயலுக்குப் போகுது?" என்று கேட்டீர்கள். அதற்குள் எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆறுதலாகப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

குசினியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. கூட வேலை செய்யும் போர்த்துக்கல் பெடியனும் நானும் புறப்பட்டோம். லண்ட்குவார்ட்டில் ரயில் மாறி, வெரைனா சுரங்கத்துக்குள் 19 கிலோமீற்றர் இருட்டிலேயே போய், எங்கடீன் பள்ளத்தாக்கில் வெளியே வந்தோம். செர்னெட்ஸ் என்ற ஊரில் இரவு தங்கினோம். அங்கே சனம் பேசுவது ரொமான்ஷ் என்ற பாஷை. வழியில் கண்டவர்கள் எல்லோரும் "அலெக்ரா" என்று வணக்கம் சொன்னார்கள்.

விடிய வெள்ளெனவே நடக்கத் தொடங்கினோம். மரம் எல்லாம் கீழே நின்றுவிட்டது. பிறகு புல், அதற்கும் மேலே வெறுங்கல். முன்ட் பசெல்ஜா உச்சி 2,945 மீற்றர். பத்து அடி வைப்பதும் நின்று மூச்சு வாங்குவதுமாக ஒருமாதிரி ஏறிவிட்டோம். மேலே நின்று பார்த்தால், அப்பா, கீழே ஒரு பெரிய கல் தாழிக்குள் குளம் குளமாகத் தெரிந்தது. மக்கூன் என்று அந்த இடத்துக்குப் பெயர். மொத்தம் 23 குளங்கள். எங்கள் பீதுருதாலகாலை மலையே 2,524 மீற்றர்தான். இந்தக் குளங்கள் கிடப்பது 2,600 மீற்றர் உயரத்தில். ஸ்ரீலங்காவின் மிக உயர்ந்த மலையைவிட உயரத்தில் குளம்!

அணைக்கட்டு இல்லை, தண்ணீர் திறந்துவிடத் துருசு இல்லை, வாய்க்கால் இல்லை. ஒரு காலத்தில் பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளங்கள் அவை. சிலவற்றுக்கு மழையும் உருகிய பனியும்தான் தண்ணீர். சிலவற்றுக்குக் கற்குவியலுக்கு அடியில் மறைந்து கிடக்கும் பனிக்கட்டி உருகிக் கசிந்து வருகிறது. ஒன்றின் பெயர் லாய் கிரோன்ட், பெரிய குளம் என்று அர்த்தம். அதைப் பெரிய குளம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். இன்னொன்றுக்கு அரைநிலாக் குளம் என்று பெயர். நிறத்தைத்தான் எழுதிக் காட்ட ஏலாமல் இருக்கிறது. வெயில் பட்டால் மயில் கழுத்து, முகில் மூடினால் கரும்பலகை. இரண்டு நிமிஷத்துக்குள் நாலு தரம் மாறியது.

இறங்கிக் கால் நனைக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் இது தேசியப் பூங்கா; பாதையை விட்டு ஒரு அடி விலகக் கூடாது. பூப் பறிக்கக் கூடாது, நாய் கொண்டுவரக் கூடாது, கல் ஒன்றுகூட எடுக்கக் கூடாது. குறித்த இடத்தில்தான் இருந்து சாப்பிடலாம். எனக்கு முதலில் கோபம் வந்தது. தண்ணீர் கண்ணுக்கு முன்னால் கிடக்க, இதென்ன சட்டம்?

பாதையைக் குறுக்கறுத்து ஒரு சின்ன ஓடை போனது. கல்லில் குந்தியிருந்து கையை விட்டேன். குளிர் எலும்புக்குள் ஏறியது. மூன்று எண்ணுவதற்குள் விரல் மரத்துவிட்டது. தண்ணீருக்கு அடியில் ஒவ்வொரு மணலும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்போது எங்கேயோ விசில் சத்தம். பார்த்தால் ஒரு முர்மெலி, கொழுத்த பெரிய அணில் மாதிரி, பின்காலில் எழும்பி நிற்கிறது. எங்களைக் கண்டு மற்றவைக்குச் சொல்லுகிறதாம். அது அங்கே குடியிருக்கிற சீவன், நான்தான் வந்து போகிறவன். கோபம் அதோடு போய்விட்டது.

இந்தப் பக்கத்துக் காட்டில்தான் 1904இல் சுவிஸின் கடைசிக் கரடியைச் சுட்டார்களாம். அதற்குப் பிறகு கொஞ்சப் பேர் ஒன்றுகூடி, ஆளுக்கு வருஷம் 1 பிராங் சேர்த்து, ஊர்களிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அப்படித்தான் 1914இல் இந்தத் தேசியப் பூங்கா தொடங்கியது. அம்மா கோயிலுக்குப் பிடியரிசி எடுத்து வைப்பது எனக்கு நினைவு வந்தது. மக்கூன் குளங்கள் 2000ஆம் ஆண்டுதான் பூங்காவோடு சேர்ந்தன. லவின் என்ற ஊரின் நிலம் அது. இறங்கி அந்த ஊருக்குத்தான் வந்தோம். முழங்கால் இரண்டு நாளாக நோ.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், அப்பா: ஒருவருடைய வயலுக்கும் இல்லை. வழிந்தது ஓடையாக இறங்கி கீழே இன் ஆற்றில் விழுகிறது. மற்றது அப்படியே கிடக்கிறது. ஒருதருக்கும் பங்கு வைக்காத தண்ணீரை என் சீவியத்தில் முதல் தரம் பார்த்தேன். கோடையில் சிறுபோக நெல்லுக்கு ஒவ்வொரு அங்குலத் தண்ணீருக்கும் கூட்டம் போட்டுக் கதைக்கிற உங்களைப் பக்கத்தில் நிறுத்தி அதைக் காட்ட வேண்டும்போல் இருந்தது.

கல் எடுத்துவர ஏலாததால் படம் மூன்று வைத்திருக்கிறேன். அரைநிலாக் குளத்தின் படத்தை அம்மாவுக்குக் கொடுங்கள். மாரி மழை தொடங்கியதும் இரணைமடுவில் எத்தனை அடி தண்ணீர், காலபோக நெல்லுக்கு எப்போது விதைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். குளம் நிரம்பி வான் பாய்ந்தால் தங்கச்சியை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்