ஹெல்மெட் புளூடூத்தில் சத்தம் தானாகக் கூடுகிறது: நான்காவது புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. பதிவு செய்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஹெல்மெட்டில் மாட்டிப் பாட்டு கேட்கும் உங்கள் புளூடூத் கருவியை மார்ச் மாதம் 6,499 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எனக்கு வீடு ஏற்காட்டில், வேலை சேலத்தில். தினமும் காலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, மாலையில் அதே 20 ஏற வேண்டும். இரண்டு மாதம் ஒழுங்காகப் பாடியது, அதை மறைக்கவில்லை. மே கடைசியிலிருந்து, யாராவது கூப்பிட்டு போன் அடித்து ஓய்ந்தால், பாட்டு திரும்ப வரும்போது சத்தம் தானாக முழுசுக்கு ஏறிவிடுகிறது. நான் எப்போதும் கால்வாசிச் சத்தம்தான் வைப்பேன். வளைவில் எதிரே வருகிற பஸ்ஸின் ஹார்ன் காதில் விழ வேண்டுமே! ஜூனில் ஒருநாள் காலை, நல்ல பனிமூட்டம். திடீரென்று இரண்டு காதிலும் தவில் வெடித்தது. கையுறையோடு அந்தப் பட்டனைத் தேடிப் பிடிப்பதற்குள் பஸ் முன்னால் நிற்கிறது. டிரைவர் என்ன திட்டினார் என்பதை வாயசைவில்தான் தெரிந்துகொண்டேன்.

இதைச் சொன்னதற்கு உங்கள் போன் ஆள் சொன்ன பதில்: "பைக் ஓட்டும்போது பாட்டு கேக்கறதே தப்பு சார், அதுக்கு கம்பெனி என்ன பண்ணும்?" என் மனைவியும் இதையேதான் சொல்கிறாள். ஆனால் அவள் அந்தப் பொருளை எனக்கு 6,499 ரூபாய்க்கு விற்கவில்லை. உங்கள் அட்டைப்பெட்டியில் மலைப்பாதையில் போகிறவர் படத்தைப் போட்டது யார்?

ஐந்து ரோடு பக்கமுள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை போனேன். கடைசி முறை "தண்ணீர் புகுந்திருக்கிறது, வாரண்டி கிடையாது" என்று கையில் திணித்தார்கள். பெட்டியில் ஐபி 67 என்று இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகக்கூடாது என்று அதற்குப் பொருள். உங்களுக்குத் தெரியாததா? ஏற்காட்டுத் தூறல் என்ன ஒரு மீட்டர் ஆழமா? அப்புறம், அதற்கு முந்தைய முறை நடந்ததை விட்டுவிட்டேன். அரை நாள் லீவு போட்டு, வெயிலில் வந்து நின்றால், "டோக்கன் முடிஞ்சது" என்று தலையை நிமிர்த்தாமலே சொன்னார் ஒரு தம்பி. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. முதல் முறை, போனில் இருந்த பில் செல்லாது, பிரிண்ட் வேண்டுமாம்.

பெட்ரோல், லீவு எல்லாம் போகட்டும். என் நிம்மதிக்கு யார் கணக்குப் போடுவது? இப்போது இளையராஜா பாட்டு எங்கே கேட்டாலும் கை பிரேக்குக்குப் போகிறது. இதற்கு 50,000 ரூபாய் கேட்டாலும் தகும்.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார், அடுத்து சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. நீங்கள்தான் மலையடிவாரம் வரை வர வேண்டியிருக்கும்.

அவ்வளவு தூரம் இழுக்க எனக்கும் விருப்பமில்லை ஐயா. வேறு ஒன்று மாற்றிக் கொடுங்கள், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், போதும். தயவுசெய்து மாலை 6 முதல் 7 வரை மட்டும் கூப்பிட வேண்டாம். அந்த நேரம் வண்டியில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஏற்காடு.