பகல் வெயிலைப் போடுகிறீர்கள், இரவுக் குளிரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சித்திரை பிறந்துவிட்டால் 'சேலத்தில் 104 டிகிரி' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்துவிடும். மனிதர்களுக்கு அது சேதிதான். பழத்தோட்டத்துக்காரருக்கு அதைவிடப் பயன்படும் எண் இன்னொன்று உண்டு. சேலத்திலும் ஏற்காட்டிலும் முந்தின இரவு எவ்வளவு குளிர்ந்தது என்பதே அது. அந்த எண்ணுக்கு ஓர் இடம் கேட்டு எழுதும் கடிதம் இது.

பூச்சிக்கு நம்மைப்போல் நிலையான உடல் சூடு கிடையாது. சுற்றியுள்ள காற்றும் மண்ணும் எவ்வளவு சூடோ, அந்த அளவுக்குத்தான் அது வளரும். மா, கொய்யா, ஆரஞ்சு எதையும் விட்டுவைக்காத 'பாக்ட்ரோசெரா டார்சாலிஸ்' என்ற பழ ஈயை எடுத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் 15 டிகிரி செல்சியஸிலேயே வைத்து வளர்த்தால், முட்டை ஈயாக மாற ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. 20 டிகிரியில் ஒரு மாதம், 25-இல் சுமார் மூன்று வாரம், 30-இல் பதினெட்டு நாள். 35 டிகிரி விடாமல் நீடித்தால் கூட்டுப்புழு பிழைப்பதே அரிது.

25-இலிருந்து 30-க்குப் போனால் ஈக்கு மிச்சமாவது சில நாள்தான். 15-இலிருந்து 20-க்குப் போனாலோ ஒன்றரை மாதம் மிச்சம். ஏற்காட்டில் மார்கழி, தையில் பகலையும் இரவையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், விழுவது இந்த 15-20 வரம்புக்குள். அதனால்தான் ஒரு டிகிரி ஏற்றம் கீழே சேலத்தில் செய்வதைவிட மேலே ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அதிகம் செய்யும். கணக்குப் போட விரும்புகிறவர்களுக்கு: அன்றைய அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதில் 11.5-ஐக் கழியுங்கள். வருவதை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போனால், 270-ஐத் தொடும்போது ஏறத்தாழ ஒரு தலைமுறை முடிகிறது. சராசரி 16 என்றால் 60 நாள். 17 என்றால் 49 நாள். 25-ஐத் தாண்டிய வெயிலுக்கு இந்தக் கணக்கு சரியாக வராது, மலைக் குளிருக்கு வரும்.

வேறு விதமாகவும் சொல்லலாம். குப்பனூர் வழியாக மலை ஏறும்போது, உயரம் 150 மீட்டர் கூடினால் சுமார் ஒரு டிகிரி குறையும். ஆகவே ஒரு டிகிரி வெப்பம் கூடுவது, மலைத்தோட்டம் முழுவதையும் பெயர்த்து 150 மீட்டர் கீழே சேலத்துப் பக்கமாக வைப்பதற்குச் சமம். மலைத்தோட்டத்தில் காபிக்கு நடுவே கொய்யா, ஆரஞ்சு, சீத்தா, பேரி, பலா என்று ஏதாவது ஒன்று பழுத்துக்கொண்டே இருக்கிறது. முன்பு குளிர்காலம் ஈயின் தலைமுறைச் சங்கிலியை அறுத்தது. இரவுக் குளிர் குறையக் குறைய அந்த அறுப்பு நடப்பதில்லை.

ஒரு டிகிரிக்குப் பூச்சிச் சேதம் 10 முதல் 25 சதவீதம் கூடும் என்று மேடைகளில் சொல்கிறார்கள். 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த அந்தக் கணக்கு நெல், கோதுமை, மக்காச்சோளம் மூன்றுக்கு மட்டும் உரியது. அதை மாம்பழத்துக்கு இழுக்கக் கூடாது.

கீழே சமவெளியில் பிரச்சினை வேறு. மாமரத்தில் கிளை முதிர்ந்திருந்து, இரவு 18 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ சில வாரம் தொடர்ந்து இருந்தால் பூ ஒரேயடியாக வரும். குளிர் விட்டுவிட்டு வந்தால் பூவும் தவணை முறையில் வரும். ஒரே மரத்தில் ஒரு பக்கம் மொட்டு, ஒரு பக்கம் விரிந்த பூ, இன்னொரு பக்கம் பட்டாணி அளவுப் பிஞ்சு. தத்துப்பூச்சிக்கு இதைவிட விருந்து கிடையாது. அது பூங்கொத்துக் காம்பில் முட்டை வைத்துச் சாற்றை உறிஞ்சும். இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயாராகும்போது, இளம் பூங்கொத்து இன்னும் மிச்சம் இருக்கும். தத்துப்பூச்சி கழிக்கும் பசைமேல் கரும்பூசணம் படர்ந்து இலையும் பிஞ்சும் கருக்கும்.

'பொங்கலுக்கு முன் ஒன்று, பின் ஒன்று' என்று தேதி வைத்து மருந்து அடிக்கும் பழக்கம் தோற்பது இந்த இடத்தில்தான். பூங்கொத்து வெளிவரும்போது ஒரு முறை, பிஞ்சு பட்டாணி அளவானபின் ஒரு முறை என்பதே முறை. முழுப் பூவில் அடித்தால் மகரந்தம் சேர்க்கும் ஈயும் தேனீயும் சாகும். பூ தவணையில் வரும் ஆண்டில் தேதிப்படி அடித்தால், பாதி மரத்துக்கு முழுப் பூவில்தான் அடித்தவர்களாவோம். பத்து மரம், மரத்துக்கு நாலு திசையிலும் ஒவ்வொரு பூங்கொத்து என்று எண்ணிப் பாருங்கள். கொத்துக்குச் சராசரி 5 பூச்சிக்குக் குறைவாக இருந்தால் காத்திருக்கலாம். தொடக்கத்தில் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயுடன் ஒட்டும் திரவம் கலந்து அடித்தால் போதும். அடிமரப் பட்டை வெடிப்பையும் நனைக்க வேண்டும், பூ இல்லாத காலத்தில் பூச்சி பதுங்குவது அங்கேதான். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் எதிர்ப்புத் திறன் வரும். பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லியை மிகுதியாக அடித்தால் தத்துப்பூச்சி போய் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் வரும், அவற்றைத் தின்னும் பொறிவண்டு முதலில் செத்துவிடுவதால்.

பழ ஈக்குப் பொறி வைப்பவர்கள் இப்போது பலர். வைக்கும் முறையில்தான் கோளாறு. எத்தனால் 6 பங்கு, ஈயை இழுக்கும் வாசனைப் பொருளான மெத்தில் யூஜினால் 4 பங்கு, பூச்சிக்கொல்லியான மாலத்தியான் 1 பங்கு கலந்து, இரண்டு அங்குலச் சதுர ஒட்டுப்பலகை (பிளைவுட்) துண்டை அதில் இரண்டு மூன்று நாள் ஊறவைக்க வேண்டும். ஏக்கருக்கு 6 முதல் 8 பொறி, தலை உயரத்தில், கிளை நிழலில். வெயிலில் கட்டினால் மருந்து சீக்கிரம் ஆவியாகும். கட்டும் கம்பியில் கிரீஸ் தடவாவிட்டால் எறும்பு ஏறிச் செத்த ஈயைத் தூக்கிப்போகும். பொறி காலி என்று நாம் நிம்மதியாக இருப்போம். அறுவடைக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே கட்டிவிட வேண்டும்.

இந்தப் பொறிக்கு வருவது ஆண் ஈ மட்டும் என்பதை விற்பவர் பெரும்பாலும் சொல்வதில்லை. மிஞ்சும் கொஞ்சம் ஆண் ஈக்களே எல்லாப் பெண்ணுக்கும் போதும். அதனால் தனித் தோப்பில் கட்டினால் கண்காணிப்புக்கு உதவும், கட்டுப்பாட்டுக்கு ஊர்த் தோப்பெல்லாம் சேர்ந்து கட்ட வேண்டும். பெண் ஈக்கு, காய் பழுக்கும் முன் இருவார இடைவெளியில் இரண்டு முறை, லிட்டருக்கு 10 கிராம் வெல்லமும் பூச்சிக்கொல்லியும் கலந்த கரைசல். முன்பு இதில் மாலத்தியான் சேர்ப்பார்கள், 2023-இல் மாமரத்துக்கு அது தடை செய்யப்பட்டது, ஆகவே அனுமதி உள்ள மருந்தையே சேர்க்க வேண்டும். அடித்தபின் லேபிளில் உள்ள காத்திருப்புக் காலம் முடியாமல் காய் பறிக்கக் கூடாது.

இத்தனையும் செய்துவிட்டு உதிர்ந்த பழத்தை விட்டுவைத்தால் பயன் இல்லை. புழு பழத்தைவிட்டு இறங்கி, மண்ணில் ஓரிரு அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். காய்ந்து வெடித்த மண்ணில் பல சாகும். சொட்டுநீர்ப் பாத்தியின் ஈரமும் நிழலும் அவற்றைக் காக்கும், ஒரு நல்ல கோடை மழையும் அப்படியே. கடைசியாகப் பழுக்கும் நீலம் ரக மாம்பழத்தை அறுத்தால் உள்ளே புழுவாக இருப்பது இப்படித்தான். வாரம் இருமுறை பொறுக்கி, இரண்டடிக் குழியில் போட்டு, மேலே ஒன்றரை அடி மண்ணைக் கெட்டிக்க வேண்டும். அரையடி மண் போட்டால் ஈ முட்டிக்கொண்டு வரும். குழி வெட்ட ஆள் இல்லையா, கறுப்புப் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். இதை யார் செய்வது என்பதில்தான் சிக்கல். காய்ப்பைக் குத்தகை எடுத்தவர் கடைசி லோடு ஏற்றியதும் போய்விடுவார், தோப்புக்காரர் அது குத்தகைக்காரர் வேலை என்பார். குத்தகைச் சீட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டால் தீரும்.

இனிக் கோரிக்கை. வேளாண் பல்கலைக்கழகத்தின் தானியங்கி வானிலை நிலையங்கள் வட்டாரம்தோறும் உள்ளன. வேளாண் வானிலை அறிவிப்பு செவ்வாய், வெள்ளிகளில் வருகிறது, 'மேகதூத்' செயலியிலும் கிடைக்கிறது. ஆனால் தோப்பில் காவல் இருக்கும் பெரியவர் கையில் இருப்பது உங்கள் பத்திரிகைதான். சேலம், வாழப்பாடி, ஏற்காடு மூன்றுக்கும் அதிகபட்சம், குறைந்தபட்சம், காலை ஈரப்பதம், மழை என்று நாலே எண்கள், வாரம் இருமுறை. கார்த்திகை முதல் தேதி தொடங்கினால் மாம்பூவுக்கு முன்பே கணக்கு கையில் இருக்கும்.

இப்படிக்கு,
மாந்தோப்பு வாசகர்கள்,
அயோத்தியாப்பட்டணம், சேலம் மாவட்டம்.