பிரம்பு பிய்ந்த நாற்காலி இருந்தால் பள்ளிக்கு அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு வீட்டைக் கழுவும்போது மூலையில் கிடக்கும் பழைய தேக்கு நாற்காலியைத் தெருவில் எடுத்து வைக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். கால் ஆடினாலும் பிரம்பு பிய்ந்திருந்தாலும் பரவாயில்லை, எங்களுக்குக் கொடுங்கள்.

காரணம் உங்களுக்கே தெரியும். நம் வகுப்பு நடப்பது கோயில் மண்டபத்தில், கல்யாணம் வந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டும், அதனால் ஒரு அலமாரி வைக்க வழியில்லை, பிள்ளைகள் வாராவாரம் தமிழ்ப் புத்தகத்தையும் நோட்டையும் சுமந்து வந்து, மே பிறந்தால் ரங்கூன் மழையில் நனைத்தும் விடுகிறார்கள். சரி, உட்காரும் நாற்காலியையே அலமாரி ஆக்கிவிட்டால் என்ன என்று போன மாதம் ஒன்றைச் செய்து பார்த்தோம்.

நாற்காலியின் உட்காரும் பலகை தரையிலிருந்து சுமார் 18 அங்குல உயரம். அதற்குக் கீழே, கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்களின் மேல் 9 அங்குல ஆழத்துக்கு பிளைவுட் பெட்டி ஒன்று உட்காருகிறது, புத்தகங்களைப் படுக்கவைத்து அடுக்கலாம். பலகைதான் மூடி. முதல் நாற்காலியில் கீலை முதுகுச் சட்டத்தை ஒட்டியே அடித்துவிட்டேன், அவசரம்தான், மூடி செங்குத்துக்கு மேல் சாயாமல் நின்று, குனிந்து புத்தகம் எடுத்தபோது டபக்கென்று என் விரலிலேயே விழுந்தது. நகம் இன்னும் கறுப்பு. என் விரல் என்பதால் தப்பித்தோம், ஒரு பிள்ளையின் விரலாக இருந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. இப்போது பின்பக்கம் ஒன்றரை அங்குலப் பலகையை அசையாமல் விட்டு, அதற்கு முன்னால் கீல் வைக்கிறோம். மூடி பின்னால் சாய்ந்து முதுகில் படுத்துக்கொள்கிறது. முன்விளிம்பில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு, பெட்டியின் பக்கங்களில் காற்றுப் போக நாலு துளை. துளை இல்லாவிட்டால் ஆடி மழைக்குள் நோட்டெல்லாம் பூசணம் பூத்துவிடும்.

தேக்கைப் பற்றி ஒன்று. கறையான் எளிதில் தொடாது, ஆனால் மரத்தில் எண்ணெய்ப் பசை இருப்பதால் கோந்து ஒட்ட மறுக்கும், பூசுவதற்குச் சற்று முன்னால் தின்னரில் துடைக்க வேண்டும், அதுவும் பெரியவர்கள்தான். மரத்துக்குள் மணல் போல சிலிக்காவும் இருப்பதால் உளி, ரம்பம் எல்லாம் சீக்கிரம் மழுங்கும். வீட்டில் நல்ல கைரம்பம் இருந்தால் இரவல் தாருங்கள், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் மெஷினை நம்பி உட்கார முடியாது.

பெயின்ட் அடித்த நாற்காலி என்றால் வீட்டில் நீங்களாகச் சுரண்டாதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி பிள்ளைகளுக்குக் கெடுதி. நாங்கள் உப்புத்தாளை நனைத்து, மூக்கை மூடிக்கொண்டு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வெளியில் வைத்துத் தேய்ப்போம். பிள்ளைகளின் வேலை எண்ணெய் பூசுவதும் மெத்தை தைப்பதும், அப்புறம் அவரவர் பெயரை மூடியின் உள்பக்கம் தமிழில் எழுதுவதும். சிலர் 'ழ'வைத் தலைகீழாகப் போடுவார்கள், போடட்டும், அழிக்க மாட்டோம். மெத்தை உறைக்குக் கிழிந்த கைலி ஒன்றைத் துவைத்து அனுப்புங்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மண்டபத்தின் பின்கட்டில் வேலை ஆரம்பம். தச்சு வேலை தெரிந்த அப்பாக்கள், மாமாக்கள், தாத்தாக்கள் கூப்பிடாமலே வரலாம், காபியும் வடையும் உண்டு.

நாற்காலியின் அடிப்பக்கத்தில் பிள்ளையின் பெயரைச் சாக்பீஸால் எழுதி அனுப்புங்கள். போன வாரம் ஒரே மாதிரி இரண்டு நாற்காலி வந்து, இரண்டு அம்மாக்களும் நல்ல கால் உள்ளதுதான் தங்களுடையது என்றார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்