கழற்றி வைத்த மூடியைத் திரும்ப மாட்டுங்கள்

எங்கள் ஊர் மரப்பட்டறை உரிமையாளர் சங்கத்து அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம்.

போன மாதம் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த வருஷத்தில் நம் ஊர் ரம்பங்களில் சிக்கிய மூன்றாவது கை அது. என் தம்பியின் வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தீர்கள், செலவுக்கும் கொடுத்தீர்கள். மறக்க மாட்டோம். ஆனால் அவன் சாப்பிடுவதை நீங்கள் பார்த்ததில்லை. சோற்றைப் பிசைந்து அள்ளினால் பாதி தட்டிலேயே விழுகிறது. ரசம் ஊற்றினால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. அம்மா ஊட்ட வந்தால் கோபப்படுகிறான். ஸ்பூனைக் கொடுத்தால் அதைவிடக் கோபம். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வந்தவன் பந்தியில் உட்காராமலே வீட்டுக்குப் போய்விட்டான். வயது 24.

1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் இழப்பு என்று இருந்தது. உளி பிடிக்க முடியாத ஆசாரிக்கு மிச்ச 80 சதவீதம் எங்கே இருக்கிறது, அண்ணாச்சி?

அவன் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று கூட்டத்தில் பேசினீர்களாம். ஆறு வருஷம் அந்த ரம்ப மேசையில் நின்றவன். அன்று அறுத்தது ஈரம் காயாத வேப்பம் பலகை. பலகையில் அறுத்த வாய் பின்னால் கூடி பிளேடைக் கவ்வியது, பலகை எகிறியது, தள்ளிக்கொண்டிருந்த கை பிளேடின் மேல் போய் விழுந்தது. பிளேடுக்குப் பின்னால் அந்த வாயை விரித்துப் பிடிக்க ஒரு தகடு, மேலே ஒரு மூடி, கைக்குப் பதிலாகத் தள்ள ஒரு கட்டை. இவ்வளவுதான் கேட்கிறோம். மூடியும் தகடும் மிஷினோடு வந்தவைதான். வேலை மெதுவாகிறது என்று கழற்றிப் போட்டது அவன் இல்லை.

ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே சொன்னது. சின்னப் பட்டறைக்கு அது பொருந்தாது என்கிறீர்கள். நாலு பேர் வேலை செய்யும் இடத்தில் பிளேடு மெதுவாகவா சுற்றுகிறது? இப்போது பீகார், ஒடிசாப் பையன்கள் நிற்கிறார்கள். மிஷினைப் பற்றி அவர்கள் பாஷையில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ராத்திரி பத்து மணிக்கும் அறுக்கச் சொல்கிறீர்கள். அடிபட்டால் ஊருக்கு டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். அவர்களும் யாரோ ஒரு அம்மாவின் பிள்ளைகள்தானே.

சரி, வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். வரும் அமாவாசை லீவில் எல்லாப் பட்டறையிலும் மூடியையும் தகட்டையும் மாட்டிவிடுங்கள், தயவுசெய்து. மாட்டத் தெரியாத பட்டறைக்குத் தம்பியைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறேன் என்கிறான்.

இப்படிக்கு,
அவன் அண்ணன்