பானுவுக்கு, கோத்தகிரியிலிருந்து

அன்புள்ள பானு,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குத் திருச்சியிலேயே வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். இங்கே ஐப்பசி மழை விட்டபாடில்லை (ஊட்டிக்காரர்களுக்கு ஆனி ஆடியில் கொட்டினால் எங்களுக்கு இப்போதுதான்), அவருக்கு மூட்டுவலி அப்படியே இருக்கிறது, மற்றபடி சௌக்கியம். பழைய ஆல்டோவைக் கொடுத்துவிட்டோம். 43 நம்பர், அதாவது நீலகிரிப் பதிவு வண்டி என்பதால் உள்ளூரிலேயே உடனே ஆள் கிடைத்தது, வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வந்த பிறகு இங்கே பதிவான வண்டிகளுக்குக் கொஞ்சம் மவுசுதான்.

நீயும் வண்டியை விற்கப்போவதாக எழுதியிருக்கிறாய், சரி. ஆனால் வாங்க வருகிறவர் "முதல்ல வண்டியக் குடுங்கக்கா, பேரு மாத்துறத அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறாராமே, அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாதே. ஆர்சியில், அதாவது வண்டிப் பதிவுச் சான்றில், உன் பெயர் இருக்கும்வரை சட்டப்படி வண்டி உன்னுடையதுதான், நீ சாவியைக் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கி ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கியிருந்தாலும் சரி. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கே இப்படி ஒரு வழக்கு போனது. ஒருவர் விற்ற வண்டி அடுத்தடுத்து பலர் கைக்குப் போய், கடைசியில் விபத்து நடந்தபோது பதிவில் முதல் ஆளின் பெயரே இருந்திருக்கிறது, நஷ்ட ஈட்டுப் பொறுப்பு அவர் தலையில்தான் விழுந்தது. அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் தெருவில் ஒருவர் ஆம்னியை மேட்டுப்பாளையம் பக்கம் கொடுத்துவிட்டு, யாரோ வேகமாக ஓட்டியதற்கு வரும் அபராத மெசேஜை இன்னமும் தன் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதோடு விட்டுவிடாதே, நகல் எடுத்து வை. வாங்குகிறவர் நம் மாநிலத்துக்காரர் என்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓ ஆபீசுக்கு நீ தகவல் கொடுத்தாக வேண்டும். வண்டிக் கடன் முடிந்தும் ஆர்சியில் பேங்க் பெயர் நீங்காமல் இருந்தால், தடையில்லாச் சான்றும் ஃபார்ம் 35-ம் வாங்கி முதலில் அதை நீக்கு. பெயர் மாறிவிட்டதா என்று எம்-பரிவாகன் செயலியில் நீயே பார்க்கலாம். அதைப் பார்க்கும்வரை பேசிய பணத்தில் ஒரு பகுதியை வாங்குகிறவரே பிடித்து வைக்க விடுபவர்களும் உண்டு, நேர்மாறாக வண்டியையே தராமல் வைத்திருப்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. ஃபாஸ்டேக்கையும் மூடச் சொல்லிவிடு.

அப்புறம் இன்ஷூரன்ஸ். இதைத்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போவதில்லை, அது உனக்குச் சேர வேண்டியது. தொடர்ந்து ஐந்து வருஷம் கிளெய்ம் போடவில்லை என்றால் வண்டியின் சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி, சின்னத் தொகையா அது! வண்டி கை மாறியதும் கம்பெனியில் அதற்கான கடிதம் கேட்டு வாங்கிக்கொள், மூன்று வருஷத்துக்குள் புது வண்டி பாலிசியில் அதைச் சேர்க்கலாம். பழைய பாலிசியை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டியது வாங்குகிறவர் வேலை, அதையும் அவரிடம் சொல்லிவிடு. சொல்லாமல் விட்டால் நாளை அவர் வண்டி அடிபடும்போது கிளெய்ம் கிடைக்காமல் நிற்பார், அதுவும் பாவம்தானே.

புது வண்டியில் மே மாசம் வருவதாக எழுதியிருக்கிறாய், படித்ததும் துள்ளிக் குதித்தேன். உன் புது வண்டியும் தஞ்சாவூர்ப் பதிவாகத்தான் இருக்கும் என்பதால் இ-பாஸ் கட்டாயம், 2024 மே முதலே ஹைகோர்ட் உத்தரவில் நடக்கிறது. 2025 சீசனில் வார நாளில் 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000 என்று அளவும் வைத்தார்கள். அதனால் செவ்வாய், புதன் பார்த்து வா. குஞ்சப்பனை வழியாக நேரே எங்கள் வீட்டுக்கு ஏறிவிடலாம், ஆனால் சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் பாதை, இறங்குவதற்குக் கோத்தகிரி பாதை என்று ஒருவழியாக்கிவிடுவார்கள், போலீஸ் சொல்கிறபடி போய்விடு.

அண்ணனிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வர வேண்டும், பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடக் கூடாது. பிரேக்கையே மிதித்து மிதித்து வந்தால் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போய்விடும், கீழே வந்து சக்கரம் புகைய ஓரங்கட்டி நிற்கும் வண்டிகளை இங்கே சீசன் முழுக்கப் பார்க்கிறோம். மசினகுடி போக ஆசைப்பட்டு கல்லட்டி வழியாக இறங்கலாம் என்று மேப் காட்டினாலும் நம்பாதே. 36 கொண்டை ஊசி வளைவு, ஒரே செங்குத்து, வெளியூர் வண்டியை அங்கே இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். சுற்றுதான், ஆனால் தெப்பக்காடு யானை முகாமைப் பார்த்துவிட்டுப் போகலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சியும் மே தொடக்கத்தில்தான் நடக்கும். தேதி அறிவித்ததும் போன் பண்ணுகிறேன், அதைப் பார்த்து இ-பாஸ் போட்டுக்கொள். வண்டிக்கு என்ன விலை பேசினீர்கள் என்று எழுது.

உன்,
சாந்தி